இரண்டு பெயர்ச்சொல் சேர்ந்து வந்தால் ஆர்ட்டிக்கிளை எங்கே வைப்பது?

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் "எ", "ஆன்", "தி" ஆகியவற்றைத்தான் ஆர்ட்டிக்கிள் என்கிறோம். ஒரு பெயர்ச்சொல் தனியாக வந்தால் பிரச்சினை அதிகமில்லை. "எ பென்", "ஆன் அம்ப்ரெல்லா", "தி டோர்" என்று எழுதிப் பழகிவிடுகிறோம். நடுவில் "அண்ட்" வந்து இரண்டு பெயர்களைக் கோத்துவிட்டால்தான் கை தயங்குகிறது. "எ பென் அண்ட் எ நோட்புக்" என்று இரண்டு தடவை "எ" போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரி என்று பழகிக்கொள்கிறோம். அப்புறம் எங்கேயோ "எ கப் அண்ட் சாசர்" என்று படிக்கிறோம். இரண்டாவது "எ"யைக் காணோம். இன்னோர் இடத்தில் "ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்" என்று ஒரு ஆர்ட்டிக்கிளும் இல்லாமல் நிற்கிறது. மூன்றும் நல்ல ஆங்கிலம்தான். அப்படியானால் எப்போது எது?

பல வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதற்கு நான் கண்ட பதில் ஒன்றுதான். ஆர்ட்டிக்கிள் சொற்களை எண்ணுவதில்லை, அந்தச் சொற்கள் குறிக்கும் பொருள்களை எண்ணுகிறது. இரண்டு சொல் சேர்ந்து ஒரே பொருளைக் குறித்தால் ஒரு ஆர்ட்டிக்கிள் போதும். இரண்டு பொருளைக் குறித்தால் இரண்டு வேண்டும். கீழே வரும் படிகளெல்லாம் இந்த ஒரு கணக்கை விதவிதமான இடங்களில் போட்டுப் பார்ப்பதுதான்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பள்ளியில் படித்த எண்ணும்மையையும் உம்மைத்தொகையையும் நினைத்துப் பாருங்கள். "பேனாவும் குடையும்" என்னும்போது இரண்டிலும் "உம்" ஒட்டுகிறது. "இரவுபகல்", "தாய்தந்தை" என்னும்போது "உம்" மறைந்து இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்கின்றன. எந்த ஜோடி ஒட்டும், எது ஒட்டாது என்று யாரும் நமக்குப் பட்டியல் தரவில்லை, காதுக்கே தெரிகிறது. "பேனாகுடை வாங்கினேன்" என்று யாரும் சொல்வதில்லை. "ஊசிநூல் கொடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டாவது ஆர்ட்டிக்கிள் மறையும் இடங்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் மட்டும் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். ஆர்ட்டிக்கிள் விஷயத்தில் காது பழகுவதுதான் பாதி வேலை.

முதல் படி: வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்

"அண்ட்" வரும் வாக்கியம் எதுவானாலும் முதலில் அதை இரண்டாக உடைத்துப் பாருங்கள். "ஐ நீட் பென் அண்ட் அம்ப்ரெல்லா" என்று எழுத வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடைத்தால்: எனக்கு ஒரு பேனா வேண்டும், எனக்கு ஒரு குடை வேண்டும். முதலாவது "ஐ நீட் எ பென்". இரண்டாவது "ஐ நீட் ஆன் அம்ப்ரெல்லா". திரும்பச் சேர்த்தால் "ஐ நீட் எ பென் அண்ட் ஆன் அம்ப்ரெல்லா". ஒவ்வொரு பெயரும் தனியாக இருந்தபோது எதைக் கேட்டதோ, அதைச் சேர்ந்த பிறகும் கேட்கிறது.

பேனாவுக்கு "எ", குடைக்கு "ஆன்" என்று இங்கே வேறுபடுவதைக் கவனியுங்கள். இந்த மாதிரி இடத்தில் இரண்டாவதை விட்டுவிடவே கூடாது. "எ பென் அண்ட் அம்ப்ரெல்லா" என்றால் "எ" போய் "அம்ப்ரெல்லா"வோடு ஒட்டப் பார்க்கும், காதில் இடறும். நம் "ஒரு", "ஓர்" போலத்தான் இதுவும். "ஓர் இலை", "ஒரு மரம்" என்பதில் அடுத்து வருவது உயிரா மெய்யா என்று பார்க்கிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் "ஆன்" என்பதுதான் பழைய வடிவம். ஒன்று என்னும் பொருள் கொண்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. மெய்யொலிக்கு முன்னால் அதன் கடைசி ஒலி தேய்ந்து "எ" ஆகிவிட்டது.

எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் இது தானாகவே விளங்கிவிடும். மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை நாம் "அவர்" என்று எழுதுகிறோம், "அ"வில் தொடங்குகிறது, ஆகவே "ஆன் அவர்". சீருடையை "யூனிஃபார்ம்" என்று எழுதுகிறோம், "யூ"வில் தொடங்குகிறது, ஆகவே "எ யூனிஃபார்ம்". சந்தேகம் வரும்போது சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஆனால் "ஒயிட்" போல "ஒ"வில் எழுதினாலும் "வ" ஒலியில் தொடங்கும் சொற்களுக்கு "எ"தான் வரும்.

உடைத்துப் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு பெயரும் ஒரே இனமாக இல்லாதபோது தவறு கண்ணில் பட்டுவிடும். "எ லேம்ப் அண்ட் எ ஃபர்னிச்சர்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். உடைத்தால் "எ லேம்ப்" சரி. ஆனால் "ஃபர்னிச்சர்" ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயர். அதற்கு "எ" வராது. ஆகவே "எ லேம்ப் அண்ட் சம் ஃபர்னிச்சர்". நமக்கு இதில் வழுக்கும் காரணம் தமிழ்தான். "ஒரு தகவல்", "ஓர் அறிவுரை" என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் "இன்ஃபர்மேஷன்", "அட்வைஸ்", "லக்கேஜ்" எதையும் அப்படி எண்ண முடியாது. "எ மேப் அண்ட் சம் இன்ஃபர்மேஷன்" என்பதுதான் வழி.

பன்மையும் இப்படியே. "எ டேபிள் அண்ட் சேர்ஸ்" என்பதில் "எ" மேசைக்கு மட்டும் சொந்தம்; நாற்காலிகள் பன்மை, அவற்றுக்கு "எ" தேவையில்லை. எத்தனை என்று தெரிந்தால் "எ டேபிள் அண்ட் ஃபோர் சேர்ஸ்" என்று சொல்வது இன்னும் நல்லது.

தமிழில் "ஒரு பேனாவும் நோட்டும் வாங்கினேன்" என்று ஒரே "ஒரு"வை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "எ பென் அண்ட் நோட்புக்" என்று வந்துவிடும். பேச்சில் இது காதில் விழத்தான் செய்யும், யாரும் குறுக்கே விழுந்து திருத்த மாட்டார்கள். ஆனாலும் புதிதாகக் கற்கிறவர் இரண்டிலும் போடுவதையே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் பொருளுக்கு இரண்டு தடவை போட்டுத் தப்பானவர் யாரும் இல்லை.

இரண்டாம் படி: ஜோடி ஒட்டிவிட்டதா என்று பாருங்கள்

சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு. அதன் ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் முள்கரண்டி. சாப்பிட உட்காருகிறவருக்கு இரண்டும் சேர்ந்தால்தான் பயன். அவர் "கேன் ஐ ஹேவ் எ நைஃப் அண்ட் ஃபோர்க்?" என்று கேட்கிறார். ஒரு "எ"தான். அவர் கேட்பது சாப்பிட ஒரு செட்.

இப்போது அதே வீட்டில் ஒரு இழுப்பறையைத் திறக்கிறீர்கள். உள்ளே ஒரு ஸ்பேனர், ஒரு கத்தி, பழைய சாவி, எங்கிருந்தோ வந்த ஒரு முள்கரண்டி. என்ன இருந்தது என்று கேட்டால் "ஐ ஃபவுண்ட் எ நைஃப் அண்ட் எ ஃபோர்க்" என்பீர்கள். பொருள்கள் மாறவில்லை. அவற்றுக்குள் இருந்த உறவு இல்லை, அவ்வளவுதான். கத்தி தனி, முள்கரண்டி தனி. இந்த இரண்டு காட்சியும் மனதில் பதிந்துவிட்டால் இந்தப் படி முழுவதும் விளங்கிவிடும்.

இப்படி ஒட்டிப்போன ஜோடிகள் ஆங்கிலத்தில் நிறைய. "எ கப் அண்ட் சாசர்", "எ நீடில் அண்ட் த்ரெட்", "எ லாக் அண்ட் கீ", "எ போ அண்ட் ஆரோ", "எ ஹேமர் அண்ட் சிசல்", "எ ஷர்ட் அண்ட் டை". தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஊசிநூல், பூட்டுசாவி, வில்லம்பு. இங்கேயும் "உம்" போய்விட்டது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பேச்சில் இந்த ஜோடிகளுக்கு ஓர் அடையாளம் உண்டு. "அண்ட்" முழுசாக ஒலிக்காது. வெறும் "ன்" அளவுக்குச் சுருங்கிவிடும். "கப்பன் சாசர்", "நைஃபன் ஃபோர்க்" என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். தனித்தனிப் பொருள்களைச் சொல்லும்போது அந்த ஓட்டம் வராது. ஒவ்வொன்றுக்கும் சிறு அழுத்தம் விழும். ஒரு ஜோடியை ஒரே மூச்சில் உருட்டிச் சொல்ல வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

ஒட்டிய ஜோடி ஒரே பொருளானதால் வினையும் பெரும்பாலும் ஒருமையில் வரும்: "எ கப் அண்ட் சாசர் வாஸ் ஆன் தி டேபிள்". "பிரெட் அண்ட் பட்டர்" என்பதும் ஒரே பண்டம், ஆகவே "இஸ்". ரொட்டியும் வெண்ணெயும் எண்ண முடியாத பெயர்கள் என்பதால் அங்கே "எ" வராது.

நடுவே பெயரடை நுழைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். "ஆன் ஓல்ட் கப் அண்ட் சாசர்" என்றால் பழமை இரண்டுக்கும் பொது. "ஆன் ஓல்ட் கப் அண்ட் எ சாசர்" என்றால் கப் மட்டும் பழசு; சாசரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாசர் மட்டும் விரிசல் விட்டிருந்தால் "எ கப் அண்ட் எ கிராக்ட் சாசர்" என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் சாசருக்கென்று ஒரு தனிக் குணம் வந்தவுடன் ஜோடி பிரிந்துவிடுகிறது.

பொருள்களுக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் இது நடக்கும். "ஐ ஹேவ் எ பிரதர் அண்ட் எ சிஸ்டர்" என்றால் எனக்கு ஒரு சகோதரனும் ஒரு சகோதரியும் இருக்கிறார்கள். "ஐ டீச் எ பிரதர் அண்ட் சிஸ்டர்" என்றால் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பேர், அவர்கள் தங்களுக்குள் அண்ணன் தங்கையோ அக்கா தம்பியோ. எனக்குச் சொந்தமில்லை. ஒரு "எ" இருக்கிறதா இல்லையா என்பதில் ஓர் உறவே தெரிகிறது பாருங்கள். இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

மூன்றாம் படி: ஆள் ஒருவரா இருவரா?

ஒருமுறை ஒரு அமைப்பின் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் அழைப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தலைவரும் அவரே, நிறுவனரும் அவரே, ஒரே பெண்மணி. நான் "தி பிரெசிடென்ட் அண்ட் தி ஃபவுண்டர் வில் ஸ்பீக்" என்று எழுதிவிட்டேன். நிகழ்ச்சி நிரல் போட்டவர் அதைப் படித்துவிட்டு இரண்டு பேச்சாளர்களுக்கு நேரம் ஒதுக்கிவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. நான் இரண்டு தடவை "தி" போட்டதால் அந்த வாக்கியம் இரண்டு பேரைத்தான் காட்டியது.

எழுதியிருக்க வேண்டியது "தி பிரெசிடென்ட் அண்ட் ஃபவுண்டர்". ஒரே ஆளுக்கு இரண்டு பதவி என்றால் ஆர்ட்டிக்கிள் முதல் பதவிக்கு முன் மட்டும் வரும். வினையும் ஒருமை: "தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் இஸ் ஹியர்". இரண்டு பேர் என்றால் "தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர் ஆர் ஹியர்". அந்தக் கடிதத்தில் "வில்" வந்ததுதான் சிக்கலைக் கூட்டியது. "வில்" ஒருமை பன்மை காட்டாது. ஆகவே ஆர்ட்டிக்கிளைத் தவிர வேறு துப்பே இல்லை. "வில்", "கேன்", "மஸ்ட்" மாதிரியான துணைவினைகள் வரும் வாக்கியத்திலும், "கேம்", "ஸ்போக்" போல இறந்தகால வினை வரும் வாக்கியத்திலும் இதை இரட்டைக் கவனத்தோடு பாருங்கள்.

"மை", "அவர்" (நம்முடைய), "ஹிஸ்" போன்ற உடைமைச் சொற்களும் இதே வழியில் நடக்கின்றன. "மை ஃப்ரெண்ட் அண்ட் நெய்பர் ஹேஸ் கம்" என்றால் வந்தவர் ஒருவர். அவரே நண்பர், அவரே பக்கத்து வீட்டுக்காரர். "மை ஃப்ரெண்ட் அண்ட் மை நெய்பர் ஹேவ் கம்" என்றால் இருவர்.

இந்த விதியைப் பழைய இலக்கணப் புத்தகங்கள் கல்லில் செதுக்கியது போலச் சொல்லும். நடைமுறையில் அது ஒரு திசையில்தான் உறுதியாக நிற்கிறது. எழுவாயில் ஆர்ட்டிக்கிள் இரண்டு தடவை வந்தால் படிக்கிறவர் இருவர் என்றே எடுத்துக்கொள்வார். ஒரு தடவை மட்டும் வந்தால் ஒருவராகவும் இருக்கலாம், இருவராகவும் இருக்கலாம். "தி கிங் அண்ட் குயீன்", "தி பிரைட் அண்ட் க்ரூம்" என்னும்போது யாரும் ஒரே ஆள் என்று நினைக்க மாட்டார்கள். அங்கே சொல்லின் பொருளே இருவர் என்று காட்டிவிடுகிறது. செயலாளரும் பொருளாளரும் அப்படி இல்லை, ஒருவரே இரண்டாகவும் இருக்க முடியும். அந்த மாதிரி இடத்தில்தான் விதி உயிரோடு வேலை செய்கிறது.

அதேபோல் "ஷி இஸ்" என்று தொடங்கிவிட்டால் ஆள் ஒருவர் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. அப்புறம் "ஷி இஸ் எ டாக்டர் அண்ட் ரைட்டர்" என்றாலும் சரி, "ஷி இஸ் எ டாக்டர் அண்ட் எ ரைட்டர்" என்றாலும் சரி. இரண்டாவதில் ஒவ்வொரு தகுதிக்கும் கொஞ்சம் கூடுதல் கனம் கிடைக்கிறது. பாராட்டி எழுதும்போது நான் இரண்டாவதையே எடுப்பேன்.

கொஞ்சம்கூடக் குழப்பம் கூடாது என்றால், ஒப்பந்தம், அறிவிப்பு போன்றவற்றில், சுற்றி வளைத்தாலும் தெளிவாக எழுதுங்கள். ஒருவர் என்றால் "தி செக்ரட்டரி, ஹூ இஸ் ஆல்சோ தி ட்ரெஷரர்". இருவர் என்றால் "போத் தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர்".

ஒப்பீட்டிலும் ஒரே ஆளின் இரண்டு திறமையை எடை போடும்போது இரண்டாவது ஆர்ட்டிக்கிள் போய்விடும்: "ஷி இஸ் எ பெட்டர் ஸ்பீக்கர் தேன் ரைட்டர்". எழுத்தை விடப் பேச்சு அவருக்கு நன்றாக வருகிறது என்று பொருள்.

நான்காம் படி: பெயரடை இரண்டு, பெயர் ஒன்று

"எ பிளாக் அண்ட் ஒயிட் கேட்" என்றால் உடம்பில் இரண்டு நிறமும் உள்ள ஒரே பூனை. "எ பிளாக் அண்ட் எ ஒயிட் கேட்" என்றால் இரண்டு பூனை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. இரண்டாவது வாக்கியத்தில் "பிளாக்" என்பதற்குப் பின்னால் "கேட்" சொல்லாமல் மறைந்து நிற்கிறது. தமிழில் "ஒரு கறுப்புவெள்ளைப் பூனை" என்பதற்கும் "ஒரு கறுப்புப் பூனையும் ஒரு வெள்ளைப் பூனையும்" என்பதற்கும் உள்ள வேறுபாடுதான்.

வரிசை எண் வரும் இடத்திலும் இது உதவும். "தி ஃபர்ஸ்ட் அண்ட் தி செகண்ட் சாப்டர்" என்று ஆர்ட்டிக்கிளை இரட்டிக்கலாம், அல்லது "தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் சாப்டர்ஸ்" என்று பெயரைப் பன்மை ஆக்கலாம். எனக்கு இரண்டாவது வழிதான் வாய்க்கு எளிதாக வருகிறது.

ஐந்தாம் படி: "தி" கொஞ்சம் தாராளம்

"எ"யும் "ஆன்"னும் ஒருமைக்கு மட்டும் உரியவை. "தி" அப்படி இல்லை. ஒருமை, பன்மை, எண்ண முடியாதது எல்லாவற்றோடும் வரும். அதனால் ஒரே "தி" இரண்டு பெயருக்கும் எளிதாகப் பரவிவிடுகிறது. "தி டோர்ஸ் அண்ட் விண்டோஸ் வேர் ஓபன்" என்றால் கதவுகளும் ஜன்னல்களும் இரண்டுமே நாம் அறிந்தவை. "தி டேபிள் அண்ட் சேர்ஸ்" என்று ஒருமையையும் பன்மையையும் ஒரே "தி" தாங்கிக்கொள்ளும். ஆகவே ஏற்கெனவே பேசிய பொருள்களைத் திரும்பச் சொல்லும்போது இரண்டாவது "தி"யை விடுவதில் பயம் வேண்டாம்.

எப்போது திரும்பப் போட வேண்டும்? இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும்போது. "தி டீச்சர் ஸ்போக், பட் தி ஸ்டூடண்ட் டிட் நாட் லிசன்" என்பது போல இரண்டும் இரண்டு பக்கம் நிற்கும்போது தனித்தனி "தி" இருந்தால்தான் நன்றாக இருக்கும். "போத்", "ஐதர்", "நைதர்" வந்தாலும் இரண்டு பக்கமும் சமமாகப் போடுங்கள்: "ஐதர் தி பஸ் ஆர் தி ட்ரெயின்", "ஐதர் எ பென் ஆர் எ பென்சில்". "ஐதர் தி பஸ் ஆர் ட்ரெயின்" என்றால் ஒரு கால் நொண்டுவது போல இருக்கும்.

மூன்று பொருள் வரிசையாக வந்தால் இரண்டே வழி. "தி பென், பென்சில் அண்ட் எரேசர்" அல்லது "தி பென், தி பென்சில் அண்ட் தி எரேசர்". "தி பென், பென்சில் அண்ட் தி எரேசர்" என்று நடுவில் விட்டுக் கடைசியில் போடக் கூடாது. பயிற்சித் தாள்களில் நான் அதிகம் சிவப்பு மை போடும் இடம் இதுதான்.

ஆறாம் படி: ஆர்ட்டிக்கிளே இல்லாத ஜோடிகள்

"தே ஆர் ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்." "ஹி வொர்க்ட் டே அண்ட் நைட்." "தே வாக்ட் ஹேண்ட் இன் ஹேண்ட்." இவற்றில் முதல் ஆர்ட்டிக்கிளும் போய்விட்டது. கணவன், மனைவி என்ற இரண்டு ஆட்களைக் காட்டுவதை விட்டு, அந்த உறவையே ஒரு சொல்லாகச் சொல்கிறது முதல் வாக்கியம். இரண்டாவது எந்தப் பகல், எந்த இரவு என்று கேட்கவில்லை. இடைவிடாமல் என்று சொல்கிறது. "இரவுபகலாக உழைத்தார்" என்கிறோமே, அதேதான். ஆனால் ஒரு தம்பதி கதவைத் திறந்து உள்ளே வந்தால் "எ ஹஸ்பண்ட் அண்ட் வைஃப் கேம் இன்" என்று ஒரு "எ" திரும்பி வந்துவிடும். அங்கே எண்ணுவதற்கு ஒரு தம்பதி இருக்கிறது.

"ஃபேஸ் டு ஃபேஸ்", "சைட் பை சைட்", "ஸ்டெப் பை ஸ்டெப்", "வேர்ட் ஃபார் வேர்ட்", "ஃப்ரம் டோர் டு டோர்", "ஃப்ரம் பிகினிங் டு எண்ட்", "அண்டர் லாக் அண்ட் கீ" இவற்றையெல்லாம் பிரிக்காமல் அப்படியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். "முகத்துக்கு முகம்", "வீடுவீடாக", "சொல்லுக்குச் சொல்" என்று நாமும் "ஒரு" இல்லாமல்தான் சொல்கிறோம்.

ஆனால் ஜோடியிலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்தால் ஆர்ட்டிக்கிள் திரும்பி வந்துவிடும். வீடுவீடாகப் போனவர் "ஃப்ரம் டோர் டு டோர்" போனார். ஒரு கதவைத் தட்டியபோது "ஹி நாக்ட் ஆன் தி டோர்". "ஃப்ரம் டாப் டு பாட்டம்" என்பது சரி, "ஃப்ரம் தி டாப் டு தி பாட்டம்" என்பதும் சரி. ஒன்றில் போட்டு ஒன்றில் விடுவதுதான் தப்பு. "தி ரிச் அண்ட் தி புவர்" என்றும் எழுதலாம். இரண்டிலும் விட்டு "ரிச் அண்ட் புவர்" என்றும் எழுதலாம்.

தமிழ்க் காதை நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குழந்தை பிறந்த செய்தியில் "தாயும் சேயும் நலம்" என்று நாம் "உம்" போட்டுச் சொல்கிறோம். அதைக் கேட்டு "தி மதர் அண்ட் தி பேபி" என்று எழுதத் தோன்றும். அது தப்பில்லை. ஆனால் ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்வது "மதர் அண்ட் பேபி ஆர் டூயிங் வெல்" என்று ஆர்ட்டிக்கிளே இல்லாமல்தான். பெயரே ஜோடியாக இருக்கும் இன்னொரு வகையும் உண்டு: கத்தரிக்கோல், கால்சட்டை, மூக்குக்கண்ணாடி. "எ சிசர்ஸ்" என்று எழுதாதீர்கள். "எ பேர் ஆஃப் சிசர்ஸ்", "எ பேர் ஆஃப் ட்ரௌசர்ஸ்", அல்லது "சம் சிசர்ஸ்". வாங்கியது கத்தரிக்கோலும் பேனாவும் என்றால் "எ பேர் ஆஃப் சிசர்ஸ் அண்ட் எ பென்".

எழுதியதைத் திருத்திப் பார்ப்போம்

ஒரு மாணவர் எழுதக்கூடிய ஐந்து வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறேன். பதிலைப் படிப்பதற்கு முன் ஒரு தாளால் மறைத்துக்கொண்டு நீங்களே திருத்திப் பாருங்கள்.

"ஐ டுக் பேக் அண்ட் அம்ப்ரெல்லா." உடைத்துப் பார்த்தால் "எ பேக்", "ஆன் அம்ப்ரெல்லா". இரண்டும் ஒட்டிய ஜோடி இல்லை. ஆகவே "ஐ டுக் எ பேக் அண்ட் ஆன் அம்ப்ரெல்லா".

"தி டைரக்டர் அண்ட் தி ஃபவுண்டர் வாஸ் தேர்." ஆர்ட்டிக்கிள் இருவர் என்கிறது, "வாஸ்" ஒருவர் என்கிறது. எழுதியவரைக் கேட்காமல் இதைத் திருத்த முடியாது. ஒருவர்தான் என்றால் இரண்டாவது "தி"யை எடுக்க வேண்டும். இருவர் என்றால் "வாஸ்" என்பதை "வேர்" ஆக்க வேண்டும்.

"ஹி வோர் எ ஷர்ட் அண்ட் எ டை." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இருந்தாலும் சட்டையும் டையும் சேர்ந்து ஓர் உடுப்பு என்பதால் "எ ஷர்ட் அண்ட் டை" என்பது இன்னும் இயல்பு. சட்டை என்ன நிறம், டை என்ன நிறம் என்று சொல்லப்போகிறார் என்றால் இருக்கிறபடியே விட்டுவிடலாம்: "எ ஒயிட் ஷர்ட் அண்ட் எ ப்ளூ டை".

"வி டாக்ட் ஃப்ரம் தி மார்னிங் டு நைட்." ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை. நாள் முழுக்கப் பேசினோம் என்பதுதான் கருத்து, ஆகவே "ஃப்ரம் மார்னிங் டு நைட்".

"ஷி கேவ் மி ஆன் அட்வைஸ் அண்ட் எ புக்." புத்தகத்துக்கு "எ" சரி. அறிவுரையை ஆங்கிலத்தில் எண்ண முடியாது, "ஆன்" போக வேண்டும். "ஷி கேவ் மி சம் அட்வைஸ் அண்ட் எ புக்." அறிவுரை ஒன்றே ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமானால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ் அண்ட் எ புக்".